காற்றுத் துளைக்கு அளவெடுத்தவள்

ஹீட்டரைப் பார்க்க மெக்கானிக் வருவதாகச் சொன்ன அன்று, நான் தங்கை வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அவள் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்திருக்கிறாள். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். காஸ் ஹீட்டரால் வந்த வினை என்று எல்லோருக்கும் தெரியும். மீதி எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

குளியலறைச் சுவரில், ஹீட்டருக்கு மேலே, காற்று போய்வர ஒரு சதுரத் துளை உண்டு. குளிர்காலத்தில் அது வழியாக ஊதல் அடிக்கிறது, சோப்பு போடுவதற்குள் பல் கிட்டிப்போகிறது என்று தங்கை புலம்பினாள். நான் தையல்காரி. டேப்பை எடுத்துப்போய் நீளம், அகலம், ஆழம் அளந்தேன். வெட்டுத் துணியைத் திணித்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு ஒரு திண்டு தைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"சுவத்துக்கும் சட்டை தைச்சாச்சு. காலர் எங்கக்கா?" என்று சிரித்தாள்.

நாலு நாள் கழித்துப் போன் செய்தாள். குளித்து வந்தால் தலை வலிக்கிறதாம், குமட்டுகிறதாம்.

"காஸ் வாடை வருதா?"

"இல்லையே."

"அப்ப ஒண்ணுமில்லடி. ஈரத் தலையோட திரியாத."

மூக்கை நம்பினோம். அடுத்த வாரம் அவள் இல்லை.

மெக்கானிக் ஸ்டூலில் ஏறி, துளையைச் சுற்றி விரலால் தடவினார். "நூல் ஒட்டியிருக்கே. யாரு அடைச்சது?"

"நான்தான்" என்றார் தங்கையின் கணவர்.

"நெருப்பு எரியக் காத்து வேணும் சார். பத்தலைன்னா விஷக்காத்து வரும். அதுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முதல்ல தலைவலிதான் வரும். இந்த ஹீட்டரைக் குளிக்கிற ரூமுக்குள்ள மாட்டினதே தப்பு. ஒரு அலாரமாவது வச்சிருக்கலாம். படிச்சவங்கதானே நீங்க?"

அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பேசாமலிருந்து பழகியவள் நான். அன்று வாயில் ஊசி இல்லை. ஆனாலும் பேசவில்லை.

மெக்கானிக் போனபிறகு சொன்னேன். "மாப்பிள்ளை, அது நான் தைச்சது."

"தெரியும்கா. அவளைத் தூக்கின அன்னிக்கு நான்தானே அதைப் பிடுங்கி எறிஞ்சேன். உங்க தையல் எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அவ முன்னாடி யாராவது உங்களை ஒரு வார்த்தை சொன்னா விடுவாளா?" ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். "தினமும் அதே குளியலறையிலதான் நானும் குளிச்சேன். எனக்கும் தலை கனத்துச்சு. தூக்கம் பத்தலைன்னு நினைச்சேன்."

நான் என் பையை எடுத்தேன்.

"ஆனா கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேணாம்கா. உங்க முகம் அவ முகம் மாதிரியே இருக்கு. அப்புறம் அந்தத் திண்டு ஞாபகம் வருது. ரெண்டையும் சேர்த்து என்னால தாங்க முடியல."

"சரி மாப்பிள்ளை."

எத்தனை நாள் என்று கேட்க வாய் வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, இந்த மனிதர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா என்று அவர்மேல் கோபம் வந்தது. அப்படிக் கோபம் வந்ததற்கும் சேர்த்து, தெருமுனை வரை அழுதுகொண்டே நடந்தேன்.