அழாத சாட்சி

அன்று எங்கள் முன்னறையில் நான், என் மனைவி, என் மூத்த மகள், என் மைத்துனன், தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர் ஆகியோர் இருந்தோம். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடரை எழுதியது என் மகள். விவாகரத்து கேட்ட ஒரு பெண் கூண்டில் நின்று சாட்சி சொல்கிறாள். அவள் ஒரு வாக்கியம் சொன்னதும் நீதிபதி அதைத் திருப்பிச் சொல்வார், டைப்பிஸ்ட் தட்டுவார். தட்டும் சத்தம் ஓயும்வரை அவள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். என் மகளும் தன் வழக்கில் அப்படித்தான் நின்றாள். பின்பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பத்திரிகை விமர்சகர் இப்படி எழுதியிருந்தார்: ‘நடிகைக்கு வசனம் மறந்துவிட்டது போலும், வரிக்கு வரி விழிக்கிறார். கணவனைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இப்படியொரு கல்மனசுக்காரி எந்த வீட்டில் இருக்கிறாள்?’ மற்ற விமர்சகர்களும் அதையே பாடினார்கள்.

எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

தயாரிப்பாளர் டீயைத் தொடாமலே ஆரம்பித்தார். “பெருசா ஒண்ணுமில்லைங்கய்யா. அடுத்த வாரம் கூண்டுலயே உடைஞ்சு அழணும். நீதிபதி எழுந்து வந்து தண்ணி குடுக்கணும். அவ்வளவுதான்.”

“அப்படியே தட்டுல ரெண்டு பிஸ்கட்டும் வெச்சு நீட்டச் சொல்லுங்க,” என்றாள் என் மனைவி.

மைத்துனன் சிரிக்கவில்லை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன். “க்ளிசரின் போட்டா வந்துட்டுப் போகுது. இதுக்குப் போய் கிடைச்ச வேலையை விடுவாங்களா? நீங்களாவது சொல்லுங்க அத்தான்!”

“எழுதறவ அவ. அவகிட்ட கேளு.”

“மாமா, அன்னைக்கு நான் அழுதிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?” என்றாள் மகள். “‘புருஷன் மேல இன்னும் ஆசை இருக்கு, சேர்த்து வைங்க’ன்னு எதிர்ப்பக்க வக்கீல் எழுந்திருப்பார். அதுக்குத்தான் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். அந்த டைப் அடிக்கிற சத்தம் நிக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இவளும் அழ மாட்டா.”

“அது நிஜம்மா, இது சீரியல்,” என்றார் தயாரிப்பாளர். “யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க.”

“நாளைக்கு எதுக்கு? அழறதை வேற யாராவது எழுதட்டும். என் பேரை எடுத்துடுங்க.”

“ஏம்மா, நீங்க இருக்கணும்னுதானே வீடு தேடி வந்து கெஞ்சறேன்!”

அவர் தொடாத டீயை எடுத்து அவள் ஓரமாக வைத்தாள்.

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு. புருஷன்கிட்டயும் நிக்கல, வேலையிலயும் நிக்கலன்னு சொந்தத்துல கிழிப்பாங்க.”

“கிழிக்கட்டும்டா,” என்றேன். “அவ கோர்ட்டுக்குப் போனப்பவே நான் தலையை நிமிர்த்திக்கிட்டுத்தான் கூடப் போனேன். இப்ப இவருக்காகக் குனியவா?”

தயாரிப்பாளரை வாசல்வரை சென்று வழியனுப்பினேன். வந்தவரை அப்படித்தான் அனுப்புவோம்.

அடுத்த வாரம் அந்தப் பெண் கூண்டில் கதறி அழுதாளாம். விமர்சகர்கள் பாராட்டினார்களாம். எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

விமர்சனம் சரியில்லாததால் என் மகளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். யாரும் நீக்கவில்லை. இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவள்தான் விலகினாள்.