பிரித்துத் தைத்த காலர்

கேன்சருக்கு மூன்றாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த பிறகு, தையல்காரிக்கு வாந்தியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. முன்னறையில் ஓடும் மிஷின் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மிஷின் அவளுடையது. ஓட்டுவது, உதவிக்கென்று வந்த தங்கை. சமையலைப் பார்க்கட்டும், துணி துவைக்கட்டும். தையலையுமா?

"உன் கைக்குத் தங்க வளையலே போடலாம்டி!" என்று போன வாரம் தைத்த துணியை வாங்க வந்த டீச்சர் தங்கையிடம் சொன்னது படுக்கைவரை கேட்டது.

"எல்லாம் அக்கா சொல்லிக்குடுத்தது டீச்சர்."

அந்த அடக்கம்தான் தையல்காரிக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கணவனிடம் முணுமுணுத்தாள். "நீ பேசாம படு. அதான் அவ இருக்கால்ல?" என்றான் அவன்.

இன்று தங்கை மருந்துக்கடைக்குப் போன நேரம் பார்த்து, மொட்டைத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். டீச்சருக்குத் தைத்து வைத்திருந்த சட்டையை உள்புறம் திருப்பிக் குற்றம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. வீம்புக்குக் காலரைப் பிரித்து, தானே தைத்தாள். எப்போதும் துணியைப் பார்க்காமல், விரல் சொல்கிறபடி தைப்பவள் அவள். மருந்து விரல் நுனிகளை மரத்துப்போக வைத்திருந்தது. துணி நழுவியதை விரல் சொல்லவில்லை. திருப்தியாக மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

சாயங்காலம் டீச்சர் போட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, காலர் கோணிக்கிட்டு நிக்குது?"

தங்கை தையலை உற்றுப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் தப்புதான் டீச்சர். அவசரத்துல தச்சுட்டேன்."

"பரவால்ல விடு. ஒத்தையா எத்தனை வேலைதான் பார்ப்ப, பாவம்!"

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அதைத் தச்சது நான்."

"அக்கா, நீ சும்மா இரு."

"நீ சும்மா இருடி! நேராத் தச்சாலும் உன் பேரு, கோணலாத் தச்சாலும் உன் பேரா? எனக்குன்னு ஒண்ணாச்சும் மிச்சம் வை!"

டீச்சர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப இதை யாருகிட்ட குடுக்க?"

தையல்காரி கை நீட்டி வாங்கினாள். "எந்திரி" என்றாள், மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கையிடம். தங்கை எழுந்தாள்.

ஊசியில் நூல் நுழைய மறுத்தது.

"நூலை மட்டும் கோத்துக் குடு. தைக்கறது நான்."

தங்கை குனிந்து ஒரே தடவையில் கோத்துவிட்டாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. தையல்காரி விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, துணியைப் பார்த்துப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தாள்.