நான்கு பல்சக்கரங்கள்

குளிப்பாட்டுவதற்காகத் தந்தையின் உடலைக் கூடத்துக்குக் கொண்டுபோன பிறகு, வெறுமையாகிவிட்ட கட்டிலின் மெத்தையைப் பஷீர் அகமது சுருட்டிக்கொண்டிருந்தான். தலைமாட்டில், மெத்தைக்கும் பலகைக்கும் இடையில் செருகப்பட்டிருந்த ஒரு பொட்டலம் நழுவி அவனுடைய வலக்காலின்மேல் விழுந்தது. வலியோடு குனிந்தவன் முதலில் கதவைத்தான் பார்த்தான். அங்கே எவரும் இல்லை.

மெழுகுத்துணியைப் பிரித்தான். உள்ளே நான்கு பல்சக்கரங்கள் இருந்தன. ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரியது. எண்ணெய் பூசப்பட்டு, துருவின் சுவடே இல்லாமல், பற்கள் கூர்மையாகத் துலங்கின.

அவை எங்கிருந்து வந்திருக்கும் என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவனை அச்சுறுத்தியது.

அவனுடைய அத்தா ஹபீபுல்லா, கோர்ட்டில் ஜப்தி உத்தரவுகளை நிறைவேற்றும் அமீனாவாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுவருஷம் கண்டோன்மெண்டில் ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, காலால் மிதித்து ஓட்டும் சிறிய லேத்து ஒன்றை மிகவும் மலிவாக எடுத்துவந்து பின்கட்டு அறையில் நிறுத்தினார். அதில் அவர் பித்தளையைக் கடைந்து கதவுக் குமிழ் செய்வார். மைக்கூட்டுக்கு மூடி செய்வார். எதையும் விற்றதில்லை. லேத்து மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. திருகாணிகளுக்கு மரை வெட்ட வேண்டுமானால் தேவைப்படும் பல்சக்கரங்களில் நான்கு அதில் இல்லை. சீமையிலுள்ள கம்பெனிக்கு எழுதினார். யுத்தம் மூண்டுவிட்டது. பதில் வரவில்லை. பிறகு நாலு வருஷமாகப் பாலக்கரையிலுள்ள பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை எல்லாம் துருவேறியவை, பல் போனவை. இப்படி மின்னும் சக்கரங்களை அந்த வீட்டில் அவன் ஒருநாளும் கண்டதில்லை.

பஷீர், யுத்த காண்டிராக்ட் எடுத்திருந்த ஓர் இரும்புப் பட்டறையில் ஸ்டோர் குமாஸ்தா. மூன்று வாரங்களுக்கு முன் ஸ்டோரைச் சரிபார்த்தபோது நான்கு பல்சக்கரங்கள் குறைந்தன. அதற்கு முந்தைய வாரந்தான், என்றுமில்லாத வழக்கமாக, அத்தா மத்தியானச் சாப்பாட்டைத் தாமே தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டோர் வாசலிலேயே நின்று அலமாரிகளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தச் சக்கரமெல்லாம் என்ன அளவு?" என்று கேட்டார். அத்தாவை அங்கே தனியாக விட்டுவிட்டு அவன் கை கழுவ வெளியே போய் வந்தான்.

பொட்டலத்தை மறுபடி கட்டித் தோள்துண்டின் அடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் இருந்த அறையின் வாசலுக்குப் போனான்.

"அம்மா, அத்தா புதன்கிழமை புதன்கிழமை எங்க போவாங்க?"

ஷரபுன்னிசா முகத்தை நிமிர்த்தவில்லை. "ஸ்ரீரங்கம்."

"அங்க யாரு இருக்கா?"

"ஆத்துக்காத்து நல்லா இருக்குன்னாரு. வேற என்ன சொன்னாரு? கோர்ட்டுல இருந்த மனுஷனுக்குக் கேள்வி கேக்கத்தான் தெரியும், பதில் சொல்லவா தெரியும்?" பிறகு, "இப்ப எதுக்குடா அது?" என்றாள்.

அவன் பதில் சொல்லாமல் நகர்ந்தான். அவனுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது போலும்.

வாசலில் அவனுடைய அக்காள் புருஷன் கியாசுதீன் வழிமறித்தான்.

"மாப்ளே, அந்த வேப்பமரத்தடியைப் பாரு. திரும்பாம பாரு."

மரத்தடியில் ஒரு வயோதிகர் நின்றிருந்தார். நெற்றியில் திருமண், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, காலில் கான்வாஸ் ஜோடு, கையில் குடை. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரோடும் அவர் பேசவில்லை. அவருடைய பார்வை வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டு வரையில் போய்ப் போய் மீண்டது.

"யாருங்க மச்சான்?"

"எனக்கென்ன தெரியும்? வந்ததும் எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? பின்கட்டு ரூம் பூட்டியிருக்கான்னாரு. மௌத்து வீட்டுல கேக்கற கேள்வியா அது?" கியாசுதீன் குரலைத் தாழ்த்தினான். "உங்க பட்டறையில போன மாசம் சாமான் கடத்தின பிட்டர் ஒருத்தனைப் பிடிச்சாங்களே, அவனை வேவு பார்த்த போலீஸ்காரன் கொய்யாப்பழம் வித்துக்கிட்டுத்தான் வந்தானாம். இவரு நாமம் போட்டுக்கிட்டு வந்திருக்காரு, அவ்வளவுதான் வித்தியாசம். உன் கக்கத்துல என்ன?"

"சோப்பு."

"நல்ல கனமான சோப்பு," என்றான் கியாசுதீன்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில், பள்ளிவாசல் முற்றத்தில் உடலைச் சுமந்த சந்தூக்கை இறக்கி வைப்பார்கள். தொழுகைக்கு முன் மூத்த மகனான அவன் ஜமாஅத்தின் எதிரே நின்று, இறந்தவரிடம் எவரும் நம்பி ஒப்படைத்த பொருளேனும் அமானிதமாகத் தங்கியிருந்தால் சொல்லும்படி கேட்க வேண்டும். அதற்குத் தான் பொறுப்பு என்று ஏற்க வேண்டும். அந்தச் சொற்களைச் சொல்லித்தான் தந்தையை அனுப்ப வேண்டும். திருட்டுப்பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு எவ்வாறு சொல்வது? ஸ்டோரில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றால், பட்டறை வாசலில் உள்ளே போகிறவனையும் இப்போது தடவிப் பார்க்கிறார்கள். வைத்திருந்தால் அகப்படும். அகப்பட்டால் தன் வேலை போவது ஒருபுறம். ஹபீபுல்லா அமீனா திருடினார் என்ற பேச்சு கபர்க்குழிக்கு மேலே நின்றுகொண்டிருக்கும்.

உடலைப் போர்த்தும் கபன் துணிக்கு நூல் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுத் தெருக்கோடிக்கு நடந்தான். ஆவணி மாதத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைதொட்டு, செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு மாட்டுவண்டி கடந்துபோகும்வரை காத்திருந்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கைகளை வெளியே நீட்டிப் பொட்டலத்தை விட்டான். சத்தம்கூடப் பெரிதாக எழவில்லை. திரும்பும்போது நூல்கண்டு வாங்க மறக்கவில்லை.

வீட்டில் அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தான். நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, சந்தூக்கு முற்றத்தில் வைக்கப்பட்டது. வரிசைகள் ஒழுங்காயின. இமாம் அவனை நோக்கித் தலையசைத்தார்.

"எங்க அத்தா யாருக்காவது எதாவது குடுக்க வேண்டியிருந்தா," என்று அவன் தொடங்கினான். "யாரோட அமானிதமாவது அவங்ககிட்ட இருந்தா, இப்பச் சொல்லுங்க. இல்லைன்னா வீட்டுக்கு வந்து சொல்லுங்க. அதுக்கு நான் பொறுப்பு. யார் மனசாவது நோகற மாதிரி நடந்திருந்தா மன்னிச்சிடுங்க."

மன்னித்தோம் என்ற முணுமுணுப்பு வரிசைகளில் பரவிற்று. இமாம் தொழுகைக்காகத் திரும்ப இருந்தார்.

"ஒரு நிமிஷம்," என்று வெளிவாசலிலிருந்து குரல் வந்தது.

வேப்பமரத்தடியில் நின்ற அதே வயோதிகர். கியாசுதீனின் விரல்கள் பஷீரின் முழங்கையைப் பற்றின.

"இங்கே நான் பேசலாமோ கூடாதோ, தெரியலை," என்றார் அவர்.

"அமானிதம்னா யாரும் பேசலாம். சொல்லுங்க," என்றார் இமாம்.

"என் பேர் சௌரிராஜன். ஸ்ரீரங்கத்துல ஸயன்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். என்கிட்டயும் ஒரு லேத்து இருக்கு. அதே கம்பெனி, அதே அளவு. இந்த ஜில்லாவுல இவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, அவ்வளவுதான். இவரோடதுல நாலு பல்சக்கரம் கிடையாது. சீமையிலேர்ந்து இனிமே எப்ப வரும்னு யார் கண்டா? அதனால என்னோடதை ஒரு வாரம் இவர் வெச்சுப்பார், ஒரு வாரம் நான் வெச்சுப்பேன். புதன்கிழமைதோறும் கைமாறும். நேத்திக்குக் கொண்டுவரணும். வரலை. என்னன்னு கேட்டுண்டு வந்தேன்." சந்தூக்கைப் பார்த்தார். "வந்த இடத்துல இப்படி. கேக்கறதா வேண்டாமான்னு காலம்பறலேர்ந்து நின்னுண்டிருக்கேன். வீட்டுல தெரியாம பழைய இரும்புக்குப் போட்டுடுவாளோன்னு பயம். நீரே கேட்டதனால சொல்றேன். என்னோட நாலு சக்கரம் அவர்கிட்ட இருக்கு."

இமாம் பஷீரின் பக்கம் திரும்பினார்.

"பொருள் வீட்டுல இருக்காப்பா?" என்றார் இமாம்.

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொழுகை நடக்கும்; அடக்கம் நடக்கும்; நாளைக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். கியாசுதீனின் பிடி அதைத்தான் சொல்லிற்று.

"இல்லை," என்றான் பஷீர். "வாய்க்கால்ல இருக்கு. நான்தான் போட்டேன். காலையில."

"எதுக்கு?"

"திருட்டுச் சாமான்னு நெனச்சேன்."

வெயில் ஓட்டுச் சரிவில் ஏறியிருந்தது.

"யார் திருடினதா?" என்று கேட்டார் சௌரிராஜன்.

சந்தூக்கின் பக்கம் பார்க்காமலிருக்கப் பஷீர் எடுத்துக்கொண்ட பிரயாசையை முன்வரிசை முழுவதும் பார்த்தது. கியாசுதீன் கையை எடுத்துவிட்டான்.

சௌரிராஜன் குடையை மடக்கினார். மடக்குவதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிகமாக எடுத்துக்கொண்டார்.

"வாய்க்கால்ல போட்டது அவர் இல்லையே," என்றார் கடைசியில், இமாமைப் பார்த்து. "அப்போ அவர் எனக்கு ஒண்ணும் தரவேண்டியதில்லை. இவர்தான் தரணும். நீங்க நடத்துங்கோ."

"ஒத்துக்கறியாப்பா?"

"ஒத்துக்கறேன்."

இமாம் திரும்பி நின்று கைகளை உயர்த்தினார்.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, மையவாடிச் சுவருக்கு அப்பால் சாலையோரத்தில் சௌரிராஜன் காத்திருந்தார். கியாசுதீன் அவரைக் கண்டதும், "வீட்டுல ஜனம் இருக்கு, நான் போறேன்," என்று முன்னால் போய்விட்டான்.

"இடத்தைக் காட்டும்," என்றார் அவர்.

இருவரும் நடந்தார்கள். தன் ஸ்டோரில் நான்கு சக்கரங்கள் காணாமல் போனதைப் பஷீர் சொன்னான். அவர் பக்கவாட்டில் அவனை அளந்துகொண்டே வந்தார்.

"நிஜமாவே வாய்க்கால்லதானே? இரும்புக் கடைக்காரன் கைக்குப் போகலையே? இந்த யுத்த காலத்துல அதுக்கு என்ன விலைன்னு ஸ்டோர்ல இருக்கறவருக்குத் தெரியாம இருக்காது."

கோபப்பட அவனுக்கு உரிமையில்லை. "வாய்க்கால்லதாங்க," என்றான்.

"உம்ம பட்டறையில காணாமப் போன சக்கரம் எவ்வளவு பெரிசு?"

பஷீர் கைகளால் அளவு காட்டப் பார்த்து, விட்டுவிட்டான்.

"தூக்கிப் பார்த்திருக்கீரா?"

"புஸ்தகத்துல எழுதியிருக்கேன்."

"அங்கே ஓடறது ஆனை மாதிரி லேத்து. ஒரு சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். என்னோடது உள்ளங்கைக்குள்ள அடங்கும். கையில எடுத்த உமக்குத் தோணலையா?"

"தலைமாட்டுல, மெத்தைக்கடியில ஒளிச்சு வெச்சிருந்தாங்க. அதைப் பாத்ததும் வேற எதுவும் தோணலை."

சௌரிராஜன் நடையை நிறுத்தினார். "ஒளிச்சா? ஒருதரம் ஒரு சக்கரத்துல பல் மழுங்கிடுத்துன்னு அவரோட சண்டை போட்டேன். அதுக்கப்புறம், 'உங்க சக்கரத்தைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் சாமி தூங்கறேன், போதுமா'ன்னார். நான் நம்பலை." மறுபடி நடக்கத் தொடங்கினார். "கிண்டல் பண்றார்னு நெனச்சேன்."

பாலத்தை அடைந்தார்கள்.

அவர் சுவரோரமாகக் குனிந்து நீரைப் பார்த்தார். "பொட்டலமாப் போட்டீரா, பிரிச்சா?"

"பொட்டலமாத்தான்."

"அப்போ சிதறாது. கனம் இருக்கு, அடிச்சுண்டும் போகாது. மண்ணுல புதையும், அவ்வளவுதான். எண்ணெய் போட்டிருந்ததோ?"

"நிறையவே."

"போடுவார். மாசியில வாய்க்காலை அடைச்சுடுவா, தண்ணி வத்திடும். அதுவரைக்கும் தாங்கித்துன்னா பார்க்கலாம்." அதுவரை இரண்டு லேத்துகளும் மரை வெட்டப்போவதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. "எந்த இடம்?"

பஷீர் கையால் காட்டினான். சௌரிராஜன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டித் துண்டை எடுத்து, கைப்பிடிச் சுவரின்மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்தார். "மழை பேஞ்சா அழிஞ்சுடும். நாளைக்கு உளி கொண்டுவரேன்," என்றார்.

பஷீர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலையில் நின்றது போலவே சுவரில் வயிற்றைச் சாய்த்து, இரண்டு கைகளையும் நீருக்குமேல் நீட்டிப் பார்த்தான். நிமிர்ந்து, கோட்டை உள்ளங்கையால் தேய்த்து அழித்தான்.

"என்ன?"

"இன்னும் ஒரு சாண் கிழக்கால."

அவர் சாக்குக்கட்டியை அவனிடம் நீட்டினார்.