கழுவிய முட்டைகள்

பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் அந்துப்பூச்சி வளர்ப்பது என் வேலை. பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகளை அதில் விடுவோம். குளவி அந்த முட்டைக்குள் தன் முட்டையை இடும். மடுல்கெல்லத் தோட்டக்காரர்கள் அட்டையை வாங்கிப்போய் மரக்கறிப் பாத்தியில் கட்டுவார்கள். அங்கே வெளிவரும் குளவி, பயிர் தின்னும் புழுவை முட்டையிலேயே முடித்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூச்சி இறக்கையிலிருந்து கொட்டும் செதில் தூள் என் நெஞ்சில் குடியேறிவிட்டது. வீட்டுக்குப் போகக் கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் இழுப்பு நிற்பதில்லை. இனியும் தூசியில் நின்றால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் தேயிலைக் கொழுந்துக் கூடைதான். மலை ஏறவும் இந்த நெஞ்சுதானே வேண்டும்?

எங்கள் ஆய்வாளர் மதனி மேடம் யாழ்ப்பாணத்துக்காரர், இரக்கமுள்ளவர். என் இருமலைக் கேட்கச் சகிக்காமல், முட்டைகளைக் கழுவி ஒட்டச் சொன்னார். கழுவினேன். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு முழுதாக மூச்சு விட்டேன். அவ்வளவு சந்தோசம்.

குளவிகள் எங்கள் சுத்தத்தை மதிக்கவில்லை. முட்டைமேல் ஏறின, உணர்கொம்பால் தட்டின, அப்பால் நடந்துவிட்டன. குளவி முட்டையிட்டால் அட்டை கறுக்கும். ஒன்றுகூடக் கறுக்கவில்லை. இப்படியே போனால் அறையை மூடச் சொல்லிவிடுவார்கள்.

கழுவிய முட்டைகள் ஒட்டிய அட்டை ஒன்றில் மேடம் தூரிகையால் கொஞ்சம் செதிலைத் தடவினார். இப்போது குளவி நின்றது. சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்து, பின்னுடலை இறக்கியது. செதிலில் தாய்ப்பூச்சி விட்டுப்போன வாசனைதான் அதற்கு அடையாளமாம். அது இல்லாவிட்டால் முட்டையும் மணலும் ஒன்றுதானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குளவியை விரலால் நசுக்கியிருப்பேன்.

"பயப்பிடாதைங்கோ, செதிலைக் கரைச்சு வாசத்தை மட்டும் எடுத்துத் தெளிப்பம். அட்டை ஒட்டேக்கை உங்களுக்குத் தூசியே இராது" என்றார் மேடம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரைக்க எவ்வளவு செதில் வேண்டும் என்று கேட்டேன். மேடம் ஒரு கண்ணாடிப் போத்தலைக் காட்டினார். மாதாமாதம் அது நிறைய வேண்டுமாம். பூச்சிக்கூடுகளின் அடியிலிருந்து கூட்டி அள்ள வேண்டுமாம்.

"யாரு மேடம் அள்ளுறது?"

அந்த அறையில் வேலை பார்ப்பது நாங்கள் இரண்டு பேர்தான். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த போத்தலையே துடைத்தார்.

நான் தூரிகையை எடுத்துக்கொண்டு கூட்டுக் கதவைத் திறந்தேன்.