இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் திருத்தம்

நவ்ரஸ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் உலகத்தில் நானூறு பேர் இருக்கலாம். அதன் கையேட்டை முழுவதும் படித்தவர் எவருமில்லை, திருத்தங்களைச் சரிபார்க்கும் நான் உட்பட.

மொழியையும் கையேட்டையும் பராமரிக்கும், துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பொறியியல் மாணவர்களான எங்கள் குழுவுக்கு மூன்றே விதிகள். யார் திருத்தம் அனுப்பினாலும் நான் பார்க்க வேண்டும். மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டது. கையேடு ஒன்று சொல்லி மொழி வேறொன்று செய்தால், தப்பு மொழியுடையது. அதைக் கையேட்டுக்கு ஏற்ப மாற்றுகிறவன் என் வகுப்புத் தோழன் வஜ்தி. அவன் யோசிப்பதில்லை. யோசிப்பது என் வேலை என்று நம்பியிருந்தான்.

ரமலானில், அபூ நுக்தா, அதாவது புள்ளியின் அப்பா, என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர் நாற்பத்தொரு திருத்தங்கள் அனுப்பினார். விட்டுப்போன முற்றுப்புள்ளி, கூடுதல் இடைவெளி, இப்படி. இஃப்தார் மேசையில் ஒரு கையில் முட்டையை மாவுத்தாளில் மடித்துப் பொரித்த ப்ரீக்கும் மறு கையில் போனுமாக 'சரி, சரி' என்று தட்டினேன். மஞ்சள்கரு திரையில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் சரி.

பெருநாள் முடிந்து, வேறெதையோ தேடியபோது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. 'கருவியிடமிருந்து பதில் வராவிட்டால் நிரல் நின்றுவிடும்' என்றிருந்த வரி, 'பதில் வராவிட்டால் ஆம் என்று கொள்ளப்படும்.' என்று மாறியிருந்தது. முற்றுப்புள்ளி சரியாகவே இருந்தது. கீழே ஏற்றுக்கொண்டவர் பெயர்: என் பெயர்.

வஜ்தியைக் கூப்பிட்டேன்.

"டேய், அதைப் போட்டுட்டியா?"

"பெருநாளுக்கு முன்னாடியே போட்டாச்சு. நீதானடா சரின்ன?"

"நான் படிக்கலடா."

"நானுந்தான். நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நம்ம நவ்ரஸ வெச்சு ஓட்டுற லிப்ட் கம்பெனிக்காரங்க?"

"திங்கக்கெழமை திங்கக்கெழமை புது வெர்ஷன் அவங்க லிப்டுக்கெல்லாம் தானா போயிடும். எங்க வீட்டு லிப்டே நவ்ரஸ்லதான் ஓடுதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே, மறந்துடுச்சா?"

அன்று செவ்வாய்க்கிழமை.

'கதவு மூடிவிட்டதா?' என்று லிப்ட் ஒவ்வொரு முறையும் கதவைக் கேட்கும். எங்கள் லிப்டில் ஒரு மாதமாக அந்தக் கதவின் ஒயர் அறுந்து கிடந்தது. பதில் வராததால் லிப்ட் அசையாது. அம்மா மூட்டுவலியோடு ஆறு மாடி ஏறிக்கொண்டிருந்தாள்.

பழைய வரியையே திரும்பக் கேட்டு ஒரு திருத்தம் அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அபூ நுக்தா முதல்முறையாக எங்களுக்கு ஒரு சொல் எழுதினார்: 'மறுக்கிறேன்.'

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அம்மா.

"மகனே, லிப்ட் சரியாயிடுச்சுடா! ரிப்பேருக்கு ஒரு ஆளும் வரல, தானாவே! கதவு மூடுறதுக்குள்ளயே கெளம்பிடுது, அவ்ளோ சுறுசுறுப்பு!"

"அம்மா, அதுல ஏறாத!"

"என்ன சொல்ற? கேக்கல, இரு, உள்ள ஏறிக்கி..."

லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. 'அம்மா, நல்லா இருக்கியா?' என்று எழுதி அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தேன்.

பதில் வரவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின்படி, ஆம்.