காதுக்குக் கீழே ஒரு வெள்ளை

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பூசுகிற வேலைதான். அண்ணன் சுவர்களுக்குப் பூசுகிறான். அண்ணியும் நானும் தொலைக்காட்சி நிலையத்தில் செய்தி வாசிப்பவர்களின் முகத்துக்குப் பூசுகிறோம். யாருடைய வேலை உசத்தி என்று சாப்பாட்டு மேஜையில் அடிக்கடி வழக்கு நடக்கும்.

"என் பூச்சு வருஷக்கணக்கா நிக்கும். உங்களுது மூஞ்சி கழுவினா போச்சு" என்பான் அண்ணன்.

"உங்க சுவர் வாயைத் திறந்து குறை சொல்லாதுங்க. எங்க சுவர் சொல்லும்" என்பாள் அண்ணி.

நான் எப்போதும் அண்ணி கட்சி. நாத்தனார் என்றால் எதிர்க்கட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை. எனக்கு நிலையத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவளே அண்ணிதான். என் வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது அண்ணியிடம் மட்டும் நீண்டதில்லை.

இன்னொரு வழக்கும் தினம் நடக்கும். குளித்துவிட்டு வந்தால் அண்ணி ஈரத் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிடுவாள். அண்ணன் தன் கையால் தேய்த்து வார்னிஷ் அடித்த நாற்காலி அது. "மரம் ஊறிப் போயிடும்னு எத்தனை வாட்டி சொல்றது? கொடின்னு ஒண்ணு எதுக்குக் கட்டி வெச்சிருக்கு?" என்று ஆரம்பிப்பான். அவளும் விடமாட்டாள். காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன்.

அண்ணியின் குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்குக் கால் ஆணி வராமல் வேறென்ன வரும் என்று கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டாள். புள்ளி போகவில்லை. பரவியது, ஓரம் கோணலானது, ஒருநாள் செருப்பில் ரத்தம் ஒட்டியிருந்தது. ஒரு துணுக்கு வெட்டிச் சோதித்துவிட்டுத் தோல் புற்றுநோய் என்றார்கள்.

"அது வெயில்ல காயற வெள்ளைக்காரங்களுக்கு வர்றது இல்லையா?" என்று டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனேன். நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கும் வரும் என்றார் அவர். வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும்தான் அதிகம் வருமாம். அதனால்தான் ஆணி என்றும் அடிபட்ட கன்றல் என்றும் பலர் விட்டுவிடுகிறார்களாம்.

குதிகாலில் வெட்டி எடுத்தார்கள். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தோம். அடுத்து எடுத்த படத்தில் நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அப்போதுதான் டாக்டரம்மா ஆராய்ச்சியில் இருக்கிற ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். மருந்து நேராகப் போய்க் கட்டியை அடிக்காது. நம் உடம்பில் நோயை எதிர்க்கிற காவல்காரர்கள் இருக்கிறார்கள், இந்த நோய் அவர்களைத் தூங்கவைத்துவிட்டது, மருந்து அவர்களைத் தட்டி எழுப்பும் என்றார். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அண்ணி அந்த இடத்திலேயே சரி என்றாள். அவளுக்குப் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மருந்தை விட்டால் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சில வாரங்களுக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பியில் பை தொங்கும். அண்ணிக்கு அடுத்த நாற்காலி ஒரு லாரிக்காரருக்கு. பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த சிரிப்பு. "என் வண்டிக்குக்கூட இவ்வளவு நேரம் டீசல் போட்டதில்லம்மா" என்று பையைக் காட்டிச் சொல்வார். ஒருநாள் அந்த நாற்காலி காலியாக இருந்தது. நர்ஸிடம் கேட்டோம். "அவருக்குப் பக்க விளைவு வந்துடுச்சு. மருந்தை நிறுத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நிறுத்தியாச்சு என்ற சொல் அண்ணியின் காதில் அப்படியே தங்கிவிட்டது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு காலை, செய்தி வாசிக்கிறவர்கள் வருவதற்கு முன்னால், அண்ணி ஒப்பனை அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த விளக்குகளையெல்லாம் எரியவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூந்தலைத் தூக்கிப் பிடித்தாள்.

"இங்க எனக்குக் கை எட்டல. கொஞ்சம் பூசி விடுடீ."

பிடரியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. காயம் இல்லை, சொறி இல்லை. நிறம் மட்டும் போயிருந்தது. நான் பஞ்சை எடுத்து அவள் காதுக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். பூச்சு பஞ்சோடு வந்தது, அங்கேயும் வெள்ளை. தாடையில் ஒன்று, புருவ ஓரத்தில் சின்னதாக ஒன்று. எத்தனை நாளாக நடக்கிறதோ! ஒரே அறையில் வேலை, ஒரே வீட்டில் சாப்பாடு, அதே தொழில் செய்கிற என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறாள். கோபம் ஒரு பக்கம், இவள் கைக்கு இணையில்லை என்ற பெருமை ஒரு பக்கம். அதற்கெல்லாம் அடியில் பயம்.

"டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. லாரிக்காரருக்கு ஆனதைப் பார்த்தேல்ல?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே பூசிடறேன். நீ வாயைத் திறந்த, அப்புறம் நான் உனக்கு அண்ணியும் இல்ல, நீ எனக்கு நாத்தனாரும் இல்ல."

பூசிவிட்டேன். நாள்தோறும் வாதாடினேன், வாதாடிக்கொண்டே பூசினேன். அவள் பிழைக்கிறதுக்கு இருக்கிற ஒரே கயிற்றை என் வாயால் அறுத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்தது. அண்ணன் சண்டை போடுவதை நிறுத்திவிட்டான். நாற்காலியில் கிடக்கும் ஈரத் துண்டை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடியில் போட்டான். அவள் எது சொன்னாலும் "சரிம்மா" என்றான். முன்பெல்லாம் அவளை அம்மா போட்டுப் பேசினவனே இல்லை.

"எனக்கு இது பிடிக்கவே இல்லடீ" என்றாள் அண்ணி, மருத்துவமனைக்குப் போகிற பேருந்தில். "சாகப் போறவகிட்ட எதுக்குச் சண்டைன்னு முடிவு பண்ணிட்டார் போல."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

அன்று காத்திருக்கும் இடத்தில் லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாகிவிட்டார், சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அண்ணி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க நிறுத்தினாங்க?"

"என் புத்தியாலதாம்மா. வயித்துப்போக்கு வந்துச்சு. சொன்னா மருந்தைக் குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சமாளிச்சேன். கடைசியில ரத்தமாப் போய், வண்டியிலேயே மயங்கி விழுந்து, அள்ளிகிட்டு வந்தாங்க. எழுப்பிவிட்ட காவல்காரன் என் குடலையே அடிச்சுட்டானாம். மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்து அடக்கியிருப்போம்னு அந்தம்மா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நான் அவளையே பார்த்தேன். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேஜை, கணினி, காகிதம் விரித்த கட்டில். டாக்டரம்மா அண்ணியைவிட வயதில் சின்னவர், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். எனக்குக் கை துறுதுறுக்கும், இரண்டு தடவலில் மறைத்துவிடலாம். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இருமல் இருக்கிறதா, வயிறு எப்படி, தோலில் ஏதாவது மாற்றம் உண்டா.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அண்ணி. லாரிக்காரர் சொன்ன அதே வார்த்தை.

என்னால் தாங்க முடியவில்லை. என் பையில் எப்போதும் பஞ்சும் பூச்சு எடுக்கிற எண்ணெயும் இருக்கும். பஞ்சை நனைத்து, அண்ணியின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காதிலிருந்து தாடைவரை அழுத்தித் துடைத்தேன். பிறகு கூந்தலைத் தூக்கிப் பிடரியைத் துடைத்தேன். "விடுடீ! பாவி, விடு!" என்று என் கையில் கிள்ளினாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் விடவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்தார். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார், புருவத்தை விரலால் தடவிப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் கேமரா எடுத்துவரச் சொன்னார். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நிறுத்திடாதீங்கம்மா. இது வலிக்கவே இல்ல. மூஞ்சிதானே, நான் பூசிப்பேன், எனக்கு அதுதான் தொழிலே. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"எதுக்கு நிறுத்தணும்?" டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு வந்த கட்டி, தோலுக்கு நிறம் குடுக்கற செல்லுல இருந்துதான் வந்துச்சு. இப்ப உங்க உடம்பு முழிச்சுகிட்டு, அந்த ஜாதி செல்லை எங்க பார்த்தாலும் விரட்டுது. கட்டியில இருக்கறதும் அதுதான், கன்னத்துல இருக்கறதும் அதுதான். அதான் வெளுக்குது. இந்த மாதிரி வெளுக்கறவங்களுக்கு மருந்து நல்லா வேலை செய்யறதை நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. உத்தரவாதம் இல்ல. ஆனா நல்ல அடையாளம். நான் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் உங்க முகத்துல தேடிகிட்டு இருந்தேன்."

"தேடினீங்களா?"

"நீங்கதான் அழகா மறைச்சு வெச்சிருக்கீங்களே. இவ்வளவு கிட்ட உட்கார்ந்தும் எனக்குத் தெரியல." பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று புரியவில்லை. அடுத்த நிமிஷம் திட்டுதான் என்று புரிந்தது. இனிமேல் ஒரு கொப்புளம் வந்தாலும் அன்றே சொல்ல வேண்டும், மருத்துவமனைக்குப் பூச்சோடு வரவே கூடாது, இது வெள்ளையாகப் போனது அதிர்ஷ்டம், இதுவே கொப்புளமாகிக் கிளம்பியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று பொரிந்து தள்ளினார். எனக்கும் பங்கு கிடைத்தது. "நீங்களாவது வந்து சொல்லியிருக்க வேண்டாமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இது என் வழக்கமே இல்லை.

அதற்குப் பிறகுதான் கணினியைத் திருப்பிப் போன வாரம் எடுத்த படத்தைக் காட்டினார். நுரையீரலில் ஒரு புள்ளி பாதியாகச் சுருங்கியிருந்தது. இன்னொன்று அப்படியே இருந்தது, வளரவில்லை. அண்ணி திரையைத் தொட்டுப் பார்த்தாள். நானும் தொட்டேன். கண்ணாடிதான், என்ன தெரியப் போகிறது, ஆனாலும் தொட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேராகக் குளியலறைக்குப் போனாள். சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு பூச்சும் இல்லாமல் வந்தாள். அண்ணன் வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு மேஜையருகே உட்கார்ந்திருந்தான். அவள் அவன் எதிரில் போய் நின்றாள். வருகிற வழியிலேயே ஈரத் துண்டு அவன் நாற்காலியின் முதுகில் விழுந்திருந்தது.

"இங்க பாருங்க" என்றாள்.

அவன் பார்த்தான். ஆச்சரியமே படவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"காலையில ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழும்போது தெரியும். சுவத்துல ஒட்டுப் போட்ட இடம் எனக்குத் தெரியாதா? முதல்ல காதுகிட்ட. அப்புறம் தாடை. ஒவ்வொண்ணா வர்றதைப் பார்த்துகிட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

அண்ணன் கையைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "பரவுதுன்னு நினைச்சேன். கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு கேக்கல."

என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது, அவ்வளவுதான். நான்தான் அழுதேன்.

அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காவல்காரர்கள், நிறம், சுருங்கின புள்ளி, வளராத புள்ளி, உத்தரவாதம் இல்லை என்றது, என் பஞ்சு, அவள் கிள்ளியது. எல்லாம் முடிந்த பிறகு, பெயிண்ட் காய்ந்த விரலால் அவள் காதுக்குக் கீழே வெள்ளையைத் தொட்டான். சுவரில் ஈரம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பானே, அப்படி.

"இது நல்லது" என்றான், கேள்வியா பதிலா என்று தெரியாமல்.

"நல்லதுதாங்க."

"அப்ப இன்னும் கொஞ்சம் வரட்டும்."

பிறகு அண்ணன் சாய்ந்து உட்காரப் போனான். முதுகில் சில்லென்று பட்டிருக்க வேண்டும், திடுக்கிட்டு எழுந்து திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மெல்லச் சிவந்தது.

"எத்தனை வாட்டி சொல்றது உனக்கு? கொடின்னு ஒண்ணு எதுக்குக் கட்டி வெச்சிருக்கு? மரம் ஊறிப் போகாதா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தேன், இரண்டும்தான்.

"போட்டா என்னவாம்?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பெரிய மரம். தினமும் போடுவேன். இன்னும் ரொம்ப வருஷத்துக்குப் போடுவேன்."

"போடுவ, போடுவ! வார்னிஷ் அடிக்கறவன் நான்தானே?"

நான் வழக்கம் போல அண்ணி கட்சியில் சேர்ந்துகொண்டேன். அன்றைக்கு அந்தத் துண்டை யாரும் எடுக்கவில்லை.