பிறந்த வீட்டுக் கோடி

"எங்க மச்சானைக் கூறு போட விடமாட்டேன், கேட்டுக்க..."

"கூறு போடச் சொன்னதே அப்பாதான் மாமா! நீங்க கொஞ்சம் சும்மா..."

"செத்த வீட்ல சட்டம் பேசாத!"

"லாயர் ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிட்டாரு. அப்பா நுரையீரலை அறுத்துப் பார்த்தாத்தான் கேஸ் நிக்கும்."

தாடை கட்டிக் கிடந்த ராதாகிருஷ்ணனுக்கு மேலேயே இருவரும் கத்திக்கொண்டார்கள். தலைமாட்டில் இருந்த சீதாலெட்சுமி, தம்பி கமலநாதனையும் பார்க்கவில்லை, மகள் ஷாமினியையும் பார்க்கவில்லை.

ஜெஞ்சாரோம் கிராமத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தொழிற்சாலை. பழசைப் புதுசாக்கிப் பூமியைக் காக்கிறோம் என்று அரசாங்க மானியம் வாங்கியவர்கள், ஆகாததையெல்லாம் இருட்டியதும் கொளுத்தினார்கள். வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டு, இந்தக் கம்பத்து ஜனங்களின் வைத்தியச் செலவையும் கொடு என்று வழக்குப் போட்டவர் ராதாகிருஷ்ணன். அதே தொழிற்சாலைக்கு லோரி ஓட்டிப் பிழைப்பவன் கமலநாதன்.

"சிகரெட் குடிச்ச மனுஷன் லா. அதான் நெஞ்சு போச்சு."

"நான் பொறக்கறதுக்கு முந்தியே விட்டுட்டாரு. நீங்க ஏத்திட்டு வந்த குப்பைதான்..."

"அந்தக் குப்பைலதான்டி உன் காலேஜ் ஃபீஸ் கட்டுனேன்!"

கமலநாதன் பையிலிருந்து கோடிச் சேலையை உருவினான். பிறந்த வீட்டுக் கோடி தோளில் விழாமல் அவர்கள் வழக்கத்தில் பாடை எழாது.

"அக்கா, இவ பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரூம் எடுத்து இருக்கா. நாளைக்கு நீ எங்க போவ? என் வீட்டுக்குத்தானே? முதலாளி என் லோரியை நிறுத்திட்டா அந்த வீடும் பேங்குக்குப் போயிடும். மச்சானை முழுசா அனுப்பிடுவோம். குனி."

"குனியாதம்மா! காலையில உன் கையைப் புடிச்சிக்கிட்டு அப்பா என்ன சொன்னாரு? சொல்லு."

என்னைச் சும்மா எரிச்சிடாத சீதா என்றுதான் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் சீதாலெட்சுமி. குனிந்தாள்.

கோடி விழுந்தது. "தூக்குங்கப்பா" என்றான் கமலநாதன். வாசலில் மேளம் பிடித்துக்கொண்டது.

புதுச்சேலையின் கஞ்சி வாடையில் சீதாலெட்சுமிக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. ஷாமினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் முதுகை இதமாகத் தடவிவிட்டாள். தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"உன்னோடதையாவது அறுக்க விடுவியாம்மா?"